தண்ணி மாத்திரையும் புத்தூர் இளநீரும்

நகரி,
சனிக்கிழமை.

புத்தூர் ரத்னம்மா அத்தை அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் மஞ்சு பணிவுடன் எழுதிக்கொள்வது. முதலில் நமஸ்காரம். அங்கே தாங்களும் சுரேஷ்பாபு அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரில் அம்மாவும் நானும் சுகம். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இருக்கிற போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வாரம் நான்கு முறை உங்களுக்குப் போன் செய்தேன். நான்கு முறையும் நீங்கள்தான் பேசினீர்கள். நான் "அத்தை, அது வந்து..." என்று தொடங்குவதற்குள் "வெச்சிடறேன் கண்ணு, குக்கரு கத்துது" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு முகம் பார்த்தும் பேச வராது, போனிலும் பேச வராது. காகிதத்தில் குறுக்கே பேச யாராலும் முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். அத்தானைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். அவருக்குத் தெலுங்கு எழுத்து மட்டும்தான் தெரியும் என்பது இந்த ஒரு தடவை நல்லதாகப் போயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு உங்கள் தம்பிக்கு, என் நைனாவுக்குக் கால்கள் வீங்கியது உங்களுக்குத் தெரியும். விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், நான் பத்து எண்ணும் வரை மேலே வராது. நாள் முழுக்கத் தறி முன்னால் நிற்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் பிடிவாதம் பிடித்துத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். பி.பி. நூற்றெழுபத்தெட்டு. டாக்டரம்மா ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் தேங்கும் நீரை இறக்கி பி.பி.யையும் குறைக்கிற மாத்திரை ஒன்றை எழுதினார். காலையில் டிபனுக்குப் பிறகு ஒன்று, தினமும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துப் போடக்கூடாது. தினம் காலையில் எடை பார்க்க வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்கக்கூடாது. மூட்டு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஏமைனா டவுட்ஸ் உன்னாயாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதினோரு சந்தேகம் இருந்தது. "லேது மேடம்", ஒன்றும் இல்லை என்றேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது கேள்வி கேட்டு உட்கார்ந்திருக்கிற வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. பட்டம் வாங்கினால் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மாத்திரை முதல் நாளே வேலை செய்தது. அதுதான் நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "நாலு தறிய ஓட்டிக்கினு இருக்கறவன் அரை மணிக்கு ஒருக்கா வெளிய ஓடினா, இங்க நூலு அறுந்து துணி பூரா ஓட்டையா வருது பாப்பா. நீயே வந்து தறிகிட்ட சொல்லு, நைனா ஒண்ணுக்குப் போயிகிறாரு, கொஞ்சம் நில்லுன்னு" என்றார். நாலாவது நாள் எங்களிடம் சொல்லாமல் மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். அதனால் ராத்திரி முழுக்க எங்கள் மூவருக்கும் தூக்கம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடிக் காலைக்குத் திருப்பினேன். அடுத்த வாரம் பக்கத்துத் தறி ஏகாம்பரம் அண்ணன், "எனக்கும் காலு வீங்குதுப்பா" என்று சொல்ல, இவர் தாராளமாக ஒரு மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார், வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி. அன்றைக்கு இரண்டு பேரும் மாறி மாறிக் கொல்லைப்பக்கம் ஓடி, எட்டுத் தறியும் நின்று, முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். எடை பார்க்கச் சொன்னதற்கு, ஷெட்டில் நூல் மூட்டை நிறுக்கிற தராசின் மேல் ஏறி நின்றுவிட்டு, "கை பிடிச்சா ஒண்ணு காட்டுது, விட்டா ஒண்ணு காட்டுது, நீ எது வேணுமோ எடுத்துக்கோ" என்கிறார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் அத்தை. ஏனென்றால் வீக்கம் வடிந்துகொண்டு வந்தது, பி.பி. நூற்று நாற்பதுக்கு இறங்கியது. அந்த நேரத்தில்தான் பாகாலாவில் நம் உறவில் ஒரு கல்யாணம் வந்தது, நீங்களும் வந்தீர்கள்.

"பஸ்ல ரெண்டரை மணி நேரம் வரணும், மண்டபத்துல இருக்கறது ஒரே பாத்ரூமு, பொண்ணு வூட்டுக்காரங்க அதுல பூட்டு வேற போட்டுக்கினு இருப்பாங்க. ரெண்டு நாளைக்கு அந்த மாத்திரையத் தொடாதேடா" என்று நீங்கள் தம்பிக்கு உத்தரவு போட்டீர்கள். நான் பள்ளிக்கூடமே போகாதவள் மாதிரி நின்றேன், என் பேச்சு எடுபடவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. உடனே நீங்கள், "விட்டது ரெண்டு, இன்னிது ஒண்ணு, மூணையும் போட்டுக்கோடா, சரியா பூடும்" என்றீர்கள். போட்டுக்கொண்டார். அட்சதை போட நாற்காலியிலிருந்து எழுந்தவருக்குக் கண் இருட்டி, பிடிக்க ஏதும் கிடைக்காமல் போட்டோகிராபரின் விளக்குக் கம்பத்தைப் பிடித்தார். கம்பமும் அவரும் சேர்ந்து மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் விழுந்தார்கள். வீடியோவில் தாலி கட்டுகிற இடம் முழுக்க இருட்டு, நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் நம்மோடு பேசவில்லை.

அதற்குப் பிறகாவது விட்டீர்களா? "அவன் ஒடம்புல சத்து பூடுச்சு" என்று கண்டுபிடித்தீர்கள். நான் வாயைத் திறந்ததும், "இன்னாடி பெரிய டாக்டரு! எங்க எதுத்த வூட்டு சிரஞ்சீவி அண்ணன் ஆறு வருஷமா தண்ணி மாத்திரை துன்றாரு. அவுங்க டாக்டரே சொல்லிகிறாரு, தெனம் ஒரு வாழப்பழம், ஒரு எளநீரு உடாம துன்னணும்னு. மாத்திரை தண்ணியோட சத்தையும் இட்டுக்கினு பூடுதாம்" என்றீர்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, அத்தான் ஷெட்டுக்கு நூல் மூட்டை கொண்டுவரும் ஆட்டோவில், மூட்டைக்கு மேலே பத்து இளநீரும் ஒரு தார் வாழைப்பழமும் ராஜா மாதிரி வந்து இறங்குகின்றன.

இந்த அமர்க்களத்தில் இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை தள்ளித் தள்ளிப் போய், போன புதன்கிழமைதான் எடுத்தோம். பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்பது, ஐந்தைத் தாண்டக்கூடாதாம். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பொட்டாசியம் இன்னும் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடுமாம். அத்தை, நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அந்த நிமிஷம் நைனா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? தண்ணி மாத்திரை எல்லாம் ஒரே மாத்திரை இல்லையாம். ஒரு வகை தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். சிரஞ்சீவி மாமாவுடையது அப்படிப்பட்டதாக இருக்கலாம், அவருக்கு அவர் டாக்டர் சொன்னது சரியாக இருக்கலாம். நைனாவுடையது நேர் எதிர் வகை. தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் வாழைப்பழத்தையும் தினம் கொட்டினால்? "வாழைப்பழம், இளநீர் எல்லாம் ரொம்பச் சாப்பிடுகிறாரா?" என்று அவர் கேட்டதும், வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒரு டாக்டர் முன்னால் சத்தமாகப் பேசினேன். "ஆமாம் மேடம், எங்க அத்தை அனுப்புறாங்க" என்று, வழியில் சாப்பிடக் கொண்டுபோயிருந்த உங்கள் வாழைப்பழத்தை மேஜை மேல் எடுத்து வைத்தே காட்டிவிட்டேன். நைனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

ஆகவே அத்தை, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இனி ஒரு இளநீர், ஒரு சீப்பு, ஒரு யோசனை புத்தூரிலிருந்து வரக்கூடாது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையோ பத்தியமோ இன்னொருவருக்கு ஆகாது. விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக்கூடாது. ஊருக்குப் போகிற நாளில் என்ன செய்வது என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும், அத்தையை இல்லை. பாசம் இருக்கிறது என்பதற்காக எதையும் கேட்காமல், எதையும் படித்துப் பார்க்காமல், நம் கைக்கு நல்லதென்று பட்டதை இன்னொருவர் வாயில் ஊட்டுவது பாசம் இல்லை அத்தை, அஜாக்கிரதை. என் நைனாவை நீங்கள் ஏறக்குறைய... வேண்டாம், அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

வயதுக்கு மீறி எழுதியிருந்தால் மன்னியுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும். அதை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்
மஞ்சு

பின்குறிப்பு: திங்கட்கிழமை மத்தியானம், திருப்பதி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை நாளை அத்தானிடம் கொடுக்கப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று காலை பரிசோதனையில் பொட்டாசியம் ஆறு. மாத்திரையை நிறுத்தி, பழத்தை நிறுத்தி, இளநீரை நிறுத்திய பிறகும் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா நைனாவையே நேராகக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் எங்க மேடம் துன்னேன்? எனக்கு வாழப்பழமே ஆவாது. எளநீரு, பழம் எல்லாத்தையும் ஏகாம்பரத்துக்குக் குடுத்துடுவேன். நான் வெளிய போற நேரத்துல என் தறிய அவன்தான் பாத்துக்கினு இருக்கான்" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு மட்டும் சொல்லிடாத பாப்பா, மனசு கஷ்டப்படும்" என்றார். சொல்லிவிட்டேன்.

இனி மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயத்தை நான் மேலே எழுதவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்று விட்டேன். உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நைனாவுக்கு உப்பில்லாமல் இறங்காது. அதனால் திருப்பதியில் பெரிய கடையில் தேடி, சோடியம் குறைந்த உப்பு என்று சிவப்பு இதயம் படம் போட்ட பாக்கெட்டை நானே வாங்கிவந்தேன். "இது பி.பி.க்காரங்களுக்குன்னே செஞ்ச உப்பு நைனா, பயப்படாம போட்டுக்கோங்க" என்று மோரிலும் ரசத்திலும் நானே கரண்டியால் போட்டேன். இரண்டு மாதமாக. "ஏ உப்பு வாடுதுன்னாரம்மா?", என்ன உப்பு போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா இன்று கேட்டபோது, போனில் இருந்த பாக்கெட் படத்தைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி எனக்கே திருப்பிக் காட்டினார். அடியில் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது. நான் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

பயப்படாதீர்கள் அத்தை. ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது. இறக்குவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், நாளை காலை ரத்தம் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம். நைனா கட்டிலில் படுத்துக்கொண்டு, "எங்க பொண்ணு டிகிரி முடிச்சிகிறா, எல்லாம் அவதான் பாத்துக்கறா" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இதில் உள்ள பத்திய விதிகள் எல்லாம் சரி. திட்டியதும் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது. கல்யாண விவகாரம் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு வருகிற பக்கத்தில் எங்கெல்லாம் அத்தை என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் மஞ்சு என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இருக்கிற நமஸ்காரம் மட்டும் உங்களுக்கே.