தாமரைக்குள் மறைந்த தாய்மாமன்

சாமர்த்தியத்தைக் காட்டச் சொந்த அக்காவின் கல்யாணத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஊரில் அதற்கு வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. நான் அங்கேதான் காட்டினேன்.

அப்போது வெப்சைட் செய்யும் வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. (நாலு மாதத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஒன்றும் தெரியவில்லை என்று தெரியத்தான் வருஷக்கணக்காகும்.) அச்சுப் பத்திரிகை வருவதற்குள் இன்டர்நெட்டில் ஓர் அழைப்பிதழ் செய்து அனுப்பிவிடுகிறேன் என்று மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அறிவித்தேன். அப்பா ஒரு தாள் நிறையப் பெயர்கள் எழுதிக் கொடுத்தார். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழே பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார்; எல்லோருக்கும் முதலில், பக்கத்து ஊரான குத்தாலத்திலிருக்கும் தாய்மாமா கோவிந்தராஜ்.

அத்தனையும் போட்டுப் பார்த்தால் பக்கம் வாக்காளர் பட்டியல் மாதிரி இருந்தது. என் கலையுள்ளம் ஒப்பவில்லை. பட்டியலை ஒளித்துவிட்டு, நடுவே அழகாக ஒரு தாமரையை வைத்தேன். மவுஸின் அம்புக்குறி பூவின் மேல் வந்தால் பெயர்கள் விரியும், விலகினால் மறையும். அதற்குக் கம்ப்யூட்டருக்கு எழுதும் ஸ்கிரிப்ட்டில் இரண்டே வரி. லேப்டாப்பில் காட்டியபோது, தன் அண்ணன் பெயர் முதலில் விரிவதைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சொந்தம் முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

எங்கள் சொந்தத்தில் லேப்டாப் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்கள் பார்த்தது செல்போனில். செல்போனில் மவுஸ் ஏது? பூவைத் தொட்டிருந்தால் ஒருவேளை பெயர்கள் வந்திருக்கும். ஆனால் தொட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை, பெண், தேதி, மண்டபம், ஒரு தாமரை. அவ்வளவுதான் தெரிந்தது.

மத்தியானம் மாமாவிடமிருந்து போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“பத்திரிகையில பேரு இல்லாத தாய்மாமனுக்கு மணவறையில என்ன வேலை? மாலை எடுத்துக் குடுக்க வேற ஆள பாத்துக்குங்க.” வைத்துவிட்டார்.

அம்மா போனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறை ஏற மாட்டேன் என்று அக்கா அழ ஆரம்பித்தாள். வேடிக்கையில்லை, உண்மையிலேயே பயந்துபோனேன்.

லேப்டாப்பையும் மவுஸையும் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரில் குத்தாலத்துக்குப் பறந்தேன். மாமா நடவு வயலிலிருந்து அப்போதுதான் வந்து, முழங்கால் சேற்றோடு வாசலில் நின்றிருந்தார்.

“மாமா, உங்க பேருதான் மொதல்ல இருக்கு. இத புடிச்சு அந்தப் பூ மேல கொண்டு போங்க.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். பெயர் வந்தது. முகம் தெளிந்தது. கை கொஞ்சம் நகர்ந்தது. பெயர் போய்விட்டது. மறுபடி கொண்டு போனார், வந்தது. நகர்த்தினார், போனது.

“அப்ப தாலி கட்டி முடியிற வரைக்கும் நான் ஆடாம அசையாம இத புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கணுமா?”

“இல்ல மாமா, அது ஒரு டிசைனு...”

“நான் நட்ட நாத்து, வரப்புல ஏறினதும் காணாமப் போனா அதுக்கும் டிசைனும்பியா?”

உள்ளே அத்தை சிரித்துவிட்டார். மாமாவின் மீசையும் லேசாக அசைந்தது. அந்த அசைவில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் நீக்கி, பெயர்கள் எப்போதும் தெரியும்படி மாற்றினேன். மாமா தன் போனில் திறந்தார். பெயரை விரலால் பெரிதாக்கினார். அத்தையிடம் காட்டினார். பிறகுதான், “காப்பி குடிக்கிறியாம்மா?” என்றார். அப்பாடா என்று அங்கேயே அழுதுவிட்டேன். கல்யாணத்தன்று அவர்தான் மாலை எடுத்துக் கொடுத்தார்.

போன தை மாதம் மாமா தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். முகப்பில் குத்துவிளக்குப் படம் போட்ட, பளபளக்கும் அச்சுப் பத்திரிகை. அக்கா பெயர் இருந்தது. என் பெயரைக் காணவில்லை.

“என்ன மாமா, என்னை விட்டுட்டீங்களே?”

“இருக்கும்மா. அந்தக் குத்துவிளக்கு மேல வெரல வச்சுப் பாரு.”

வைத்தேன். இந்தத் தொழிலில் பத்து வருஷ அனுபவம் உள்ளவள், அட்டையைக் கொஞ்சம் அழுத்திக்கூடப் பார்த்தேன்.

என் பெயர் பின்பக்கத்தில் இருந்தது. இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் யாராவது “என் பேரக் காணோமே” என்று பத்திரிகையைப் புரட்டினால், “அவகிட்ட குடுங்க, அமுக்கிப் பாத்துச் சொல்லுவா” என்கிறார்கள்.