குழல் தேய்ந்துவிடும், தொடாதீர்கள்

உயிர்களையெல்லாம் இனம் பிரித்து எழுதி வைத்த படித்தவர்கள், ஒரே ஒரு இனத்தை மட்டும் எப்படியோ கோட்டை விட்டுவிட்டார்கள். அதை நான் பிடித்துத் தருகிறேன். துப்பாக்கிக்குக் குழல் தேர்ந்தெடுக்கிறவர். கவனியுங்கள், துப்பாக்கி சுடுகிறவர் அல்ல. குழல் தேர்ந்தெடுக்கிறவர். வேட்டைக்கும் இல்லை, சண்டைக்கும் இல்லை. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் சட்டத்தில் ஒட்டிய அட்டையில் ஓட்டை போடுகிற விளையாட்டுக்கு.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவுக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் தையல் மெஷின் விற்றார், கடைக்குட்டியைக் கட்டியவர் கண் டாக்டர், நடுவில் பிறந்து பஸ் ஓட்டப் போனாளே, அவளைக் கட்டியவர்தான் நம் ஆள். சட்டைப் பையில் எப்போதும் அளவுகோல் இருப்பதால் சுடுதளத்தில் அவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர். வீட்டுக் கூடத்தில் எட்டு வருஷத்து அணிப் படங்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாவற்றிலும் பழைய ரைபிளைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து இரண்டாவதாக நிற்பார். ஒன்பதாவது படத்துக்கு ஆணிகூட அடித்தாயிற்று.

போட்டிக்கு ஒரு நாள். குழலுக்கு மீதி நாளெல்லாம். இருபத்தாறு அங்குலமா, முப்பதா? நீளம் கூடினால் குண்டு வேகமாகப் போகும், ஆனால் கனக்கும். கனமான குழல் சீக்கிரம் சூடாகாது, ஆனால் சுமந்து வருகிறவர் சூடாகிவிடுவார். குண்டைச் சுழற்றிவிடுகிற உள்வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றா, பத்துக்கு ஒன்றா? இப்படியே மூன்று வருஷம். அதற்குள் அவருக்கு ஒரு பெண் பிறந்து, தவழ்ந்து, நடந்து, ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று தடுமாறாமல் சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“சார், நீங்க முடிவு பண்றதுக்குள்ள நான் ஒரு பாலமே கட்டியிருப்பேன்” என்றார் குழல் செய்து தர வேண்டிய கடைசல் பட்டறைக்காரர்.

ஒருவழியாகக் குழல் வந்தது. வந்ததும் உள்ளே குட்டிக் கேமராவை விட்டுப் படம் எடுத்தார். என் அண்ணனின் பேத்தி கல்யாணத்தில் அந்தப் படத்தைப் பந்தி பந்தியாகக் காட்டிக்கொண்டு போனார். அண்ணனுடைய சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அடடா! யாருக்கு, மாப்பிள்ளை, வயித்துக்குள்ள இப்படி?”

“வயிறு இல்லைங்க, குழல்.”

“குடல்னாலும் சரி, குழல்னாலும் சரி, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாயிரம் குண்டு சுட்டால் குழலின் தொண்டை தேய்ந்துவிடும் என்று எங்கேயோ படித்துத் தொலைத்தார். “மாமா, இதுக்கு ரெண்டாயிரம் மூச்சுதான். கண்டபடி செலவழிக்கலாமா?” என்று என்னிடம் கண் கலங்கினார். பின்கட்டில் அவருடைய அம்மா பதினைந்து நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அந்தத் தொண்டையை யார் பார்த்தது?

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. அவர் சுடுதளத்தில் நின்று ஊரெல்லாம் கூட்டிக் குழல் பேசுகிற மூன்று வருஷமும், கூடப் போன என் அக்கா மகள் என்ன செய்வாள்? கொட்டாவி விட்டுப் பார்த்தாள். பிறகு பழைய ரைபிளின் பின்னால் பாயைப் போட்டுப் படுத்தாள். அவர் கவனிக்கவில்லை. அந்தக் குழல் செத்துவிட்டது என்று அவர் இரங்கல் தெரிவித்து முடித்திருந்தார்.

அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு, ஆளுக்குப் பதினைந்து குண்டு. நம் ஆள் புதுக் குழலைக் கம்பளியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். துடைத்தார். ஊதினார். படுத்தார். மூச்சை அடக்கிச் சுட்டார்.

பொய் சொல்லக் கூடாது. குண்டு அட்டையின் நட்டநடுவில் பாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் எழுந்து கம்பளியைச் சுற்ற ஆரம்பித்தார்.

“அங்குலம், இன்னும் பதினாலு இருக்கு!” என்றார் அணித் தலைவரான பல் டாக்டர்.

“போதும் டாக்டர். பார்த்தீங்கள்ல, எப்பேர்ப்பட்ட குழல்! மீதியைப் பெரிய போட்டிக்கு வச்சுக்கிறேன்.”

“யோவ், இதுல ஜெயிச்சாத்தான்யா பெரிய போட்டி!”

“சும்மா ஒரு தேர்வுக்காகப் பதினாலு மூச்சை வாங்கச் சொல்றீங்களா?”

பல் டாக்டர் வாயைத் திறந்தார். எத்தனையோ வாயைப் பார்த்தவருக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை.

“ஏங்க, அப்போ நான் சுடட்டுமா?” என்றாள் அக்கா மகள்.

“எதை வச்சு?”

“அந்தச் செத்துப்போனதை வச்சுத்தான்.”

சுட்டாள். பதினைந்தில் பதினாலு கறுப்பு வட்டத்துக்குள். தப்பிய ஒன்றும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து “தொண்டை, தொண்டை” என்று முணுமுணுத்ததால் தப்பியது.

ஒன்பதாவது படம் இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது. இடமிருந்து இரண்டாவதாக என் அக்கா மகள், கையில் பழைய ரைபிள். மாப்பிள்ளை வருத்தப்பட்டிருப்பார் என்று ஆறுதல் சொல்லப் போனேன். கூடத்தில் நாலு விருந்தாளிகள். அவர் அளவுகோலால் படத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஆளைப் பார்க்காதீங்க, குழலைப் பாருங்க. என் தேர்வு!”

அந்தப் பழைய ரைபிள் அவருடைய பெரியப்பா சும்மா கொடுத்தது. நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே எழுந்து போய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். யாரோ பெரிய மனிதர் வருவார் என்று பத்து வருஷமாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிற தட்டுகள், நல்ல நாளுக்கென்று மடிப்புக் கலையாமல் பழசாகிப்போன சட்டை, மூடி திறக்காமலே மை காய்ந்த பேனா, வெளியே கூடத்தில் உறை பிரிக்காத சோபா... இல்லையா? ஒன்றுமே இல்லையா? பின் ஏன் அந்த அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்?