டிரைவ் அக்காவும் தட்டு இல்லாத லேப்டாப்பும்

உலகத்தில் எல்லோரும் முதலில் லேப்டாப் வாங்குவார்கள், பிறகுதான் அதற்கு வேண்டிய மற்ற சாமான்களைத் தேடுவார்கள். டிஸ்க் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு லேப்டாப்பைத் தேடி அலைந்த ஒரே ஜீவன் எங்கள் டிரைவ் அக்காதான். தாலியைச் செய்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி. இப்படி இன்னொருவர் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் நாங்கள் இருவரும் ஒரே அறை. நான் ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அக்கா இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் லைனில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நிஜப் பெயர் அவருடைய ஐ.டி. கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குலுக்கல் நடக்கும். அந்த வருடம் முதல் பரிசு லேப்டாப். அது, ஏற்கெனவே இரண்டு லேப்டாப் வைத்திருந்த ஒரு சூப்பர்வைசருக்குப் போனது. ஆறுதல் பரிசு எல்லோருக்கும் ஹாட் பாக்ஸ். அந்த ஹாட் பாக்ஸ் கூட்டத்தில் எப்படியோ ஒரே ஒரு கறுப்புப் பெட்டி கலந்துவிட்டது, அது நேராக அக்கா கைக்கு வந்தது. லேப்டாப்போடு வயர் போட்டு இணைக்கிற வெளி டிரைவ். ஓரத்தை அமுக்கினால் தட்டு நீளும், அதில் சி.டி.யோ டி.வி.டி.யோ வைக்கலாம். கொடுத்தவர்களே சங்கடப்பட்டு, "மாத்தி ஹாட் பாக்ஸ் தர்றோம்மா" என்றிருக்கிறார்கள். "விழுந்ததை மாத்தப்படாது சார். இது எனக்குன்னே வந்துருக்கு" என்று அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நேராக என் கட்டிலுக்கு வந்தார். எங்கள் மாடியில் லேப்டாப் வைத்திருந்த ஒரே அப்பாவி நான்தான்.

"ஏட்டி, உன் லேப்டாப்புல தட்டு வெளிய வருமா?"

"வராதுக்கா. இப்ப வர்ற எதுலயும் வராது."

அக்கா என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறந்த குழந்தைக்கு ஏதோ குறை என்று கேள்விப்பட்டதுபோல முகம் வாடிவிட்டது.

"பாவம்லா நீ. சரி, கவலப்படாத. நான் இருக்கேன்."

நான் கவலையே படவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? நல்லவேளையாக டிரைவின் பட்டையான முனை என் லேப்டாப்பின் சின்னத் துளைக்குள் நுழையவில்லை. தப்பித்தேன் என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மாட்டினால் டிரைவ் 'கிர்ர்' என்று முனகியது, சுற்றவில்லை. மறுபடியும் நிம்மதி. மறுபடியும் மறுநாள். இந்த முறை இரண்டு முனை உள்ள வயரும் ஒரு பவர் பேங்கும்.

"இதுக்கு ரெண்டு வாய்ட்டி. ஒண்ணு உன் லேப்டாப்போட பேசுததுக்கு. இன்னொண்ணு சாப்பிடுததுக்கு. வயித்துக்கு ஒண்ணுமில்லாம பேசு பேசுன்னா யாரு பேசுவா?"

லேப்டாப்பில் ஒரு முனை, பவர் பேங்கில் ஒரு முனை. டிரைவ் ஜம்மென்று சுற்றியது. நான் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, போட்டுப் பார்க்க எங்களிடம் ஒரு டிஸ்க்கூட இல்லை. சாதாரண மனுஷி என்றால் இந்த இடத்தில் விட்டுவிடுவார். அக்கா தெருவில் இறங்கினார். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சிலிருந்து வருகிறவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர், இஸ்திரிக்காரர், ஒருவரையும் விடவில்லை. "உங்க வீட்டுல டிஸ்க் இருக்கா? பாக்கணும்னு ஆசையா இருக்கா? ஞாயித்துக்கெழம கொண்டாங்க, எங்கட்ட லேப்டாப் இருக்கு." அந்த 'எங்கட்ட' எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் நாடகம் என்று பீரோவின் அடியில் கிடந்த டிஸ்க் எல்லாம் வெளியே வந்தது. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தன் கல்யாண டி.வி.டி.யைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று சண்டைக்கே போய்விட்டார். "பாருமா, இன்னா சிரிப்பு சிரிச்சிகினு கீறாரு! அப்புறம் எங்க போச்சு அந்த சிரிப்பு? வூட்டுக்குப் போய் கேக்கறேன்." கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் தன்னையே திரையில் பார்த்து வெட்கத்தோடு மறுபடி சிரித்தார்.

எனக்கோ ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது. கடவுளே, இந்த அக்காவுக்குச் சொந்தமாக ஒரு லேப்டாப் கிடைக்கட்டும் என்று ராமானுஜர் கோயிலில் மனமுருகி வேண்டிக்கொண்டேன். சுயநலம்தான், ஆனால் பக்தியில் குறையில்லை.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. டிஸ்க் சுற்றும்போது யாரும் நடக்கக் கூடாது. அதிர்ந்தால் கீறல் விழுமாம். "ஓடுது! நில்லுங்க!" என்று அவர் குரல் கொடுத்தால் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற பெண்கள் மாடிப்படியில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பார்கள். ஒருநாள் அப்படி மாட்டியது வார்டனம்மா.

"இன்னாமா இது கூத்து? என் ஹாஸ்டல் படியில நானே ஏறக்கூடாதா? அடுத்த ஞாயித்துக்கெழம இந்தப் பொட்டி இங்க இருந்திச்சு, பொட்டியும் இருக்காது, நீயும் இருக்கமாட்ட. சொல்லிட்டேன்!"

வார்டனம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் கணவர் எங்கள் ஹாஸ்டலுக்கு வழக்கமாக ஓட்டுகிற ஆட்டோ அண்ணன். முதுகு பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் படுத்திருந்தார். காட்டிய இடத்தில் ஆபரேஷன் என்று சொல்லி, அடுத்த ஞாயிறுக்குப் பிறகு வருகிற புதன்கிழமைக்கு நாளும் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டோ ஓட்ட முடியுமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு எலும்பு டாக்டர் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு வருவார். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருந்தார்கள்.

அந்த ஞாயிறும் வந்தது. அக்கா டிரைவைத் துண்டில் சுற்றி, எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வார்டனம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். அவர் உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அந்த... பொட்டி கீதா?"

அக்கா துண்டைப் பின்னால் மறைத்தார்.

"ஸ்கேன் எடுத்த எடத்துல சி.டி.யாதான் குடுத்தாங்க. டாக்டர் லேப்டாப்புல போடற வழியே இல்லியாம். படம் பாக்காம எதுவும் சொல்லமாட்டேன்றாரு. ஸ்கேன் சென்டர் இன்னிக்கு லீவு. புதன்கிழமைக்குள்ள இந்த டாக்டரு திரும்ப வரமாட்டாரும்மா..."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னட்டி முழிக்க? லேப்டாப்ப எடு."

கிளினிக்கில் ஆட்டோ அண்ணன் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் யாரு? சொந்தக்காரங்களா?" என்றார்.

"நான் டிரைவ் சார். இவ லேப்டாப்."

டாக்டர் தன் லேப்டாப்பை நகர்த்தி மேஜையில் இடம் கொடுத்தார். அக்கா டிஸ்க்கை எடுத்து, பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தார். ஒரு வாயை லேப்டாப்பில் செருகினார், இன்னொரு வாய்க்குப் பவர் பேங்க்கைக் கொடுத்தார். "ஓடுது. யாரும் அசையப்படாது. டாக்டர், நீங்களும்தான்." அந்தப் பெரிய மனிதர் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே நின்றார். வெளியே வரிசையில் இருந்தவர்களும் நின்றார்கள். வார்டனம்மா மூச்சுக்கூட விடவில்லை. நான் தட்டெழுதுகிற கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

திரையில் முதுகெலும்பு வந்தது. டாக்டர் மேலும் கீழும் நகர்த்தி நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். பிசியோதெரபி பண்ணுங்க, ஓய்வு எடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆட்டோ ஓட்டலாம், அவசரப்படாதீங்க."

வார்டனம்மா அழுதபடி அக்காவின் கையைப் பிடிக்க வந்தார். "இருங்கம்மா, முதல்ல டிஸ்க்க வெளிய எடுத்துக்கிடுதேன்" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறு முதல் மாடிப்படியில் "நில்லுங்க!" என்று கத்துகிற வேலையை வார்டனம்மாவே எடுத்துக்கொண்டார்.

என் வேண்டுதலும் பலித்தது. ஆட்டோ அண்ணன் தேறி, மறுபடி வண்டி எடுத்து, அடுத்த ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்குப் போட்ட மாதிரியே மாலை போட்டு ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஏதோ கம்பெனியில் கழித்துக்கட்டியதை வாங்கி, ரிப்பேர் பார்த்துக் கொண்டுவந்திருந்தார். செங்கல் கனம்.

"உனக்குத்தாம்மா! எல்லாம் விசாரிச்சுகினுதான் வாங்கினேன். தட்டு உள்ளயே கீது பாரு. இனிமே அந்தப் பொட்டிய நீ தூக்கிகினு அலைய வேணாம்!"

பொத்தானை அமுக்கினார். பக்கவாட்டிலிருந்து தட்டு நீண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் மடியில் துண்டுக்குள் டிரைவ் இருந்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். இதற்காகவா வேண்டிக்கொண்டோம் என்றிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு காலை விழிப்பு வந்தும் நான் கண்ணைத் திறக்கவில்லை. இனி யாரும் எழுப்ப மாட்டார்கள், தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

கட்டில் ஓரம் அழுந்தியது.

"ஏட்டி, எந்திரி. காதுகுத்து டிஸ்க் ஒண்ணு வந்துருக்கு."

"உங்க லேப்டாப் எங்கக்கா?"

"கீழ வார்டனம்மாட்ட குடுத்துட்டேன். நம்ம ஹாஸ்டல் பிள்ளைக வேற வேலைக்கு அப்ளை பண்ண ஆகும்லா." அக்கா வயரைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "அதுல எல்லாமே உள்ளயே இருக்குட்டி. அதுக்கு நான் எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணும் இல்ல, பாவம்."

நான் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

கல்யாணமாகி இப்போது நான் குன்றத்தூரில் இருக்கிறேன். அக்கா லைன் லீடராகிவிட்டார். ஞாயிறுகளில் ஷிஃப்ட் இல்லையென்றால் துண்டுப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவார். போன மாதம் பழைய லேப்டாப் படுத்துவிட்டது, புதிது வாங்கக் கடைக்குப் போனேன். டிஸ்க் டிரைவ் உள்ளே இருக்கிறதா என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு, இல்லை என்று உறுதியான பிறகுதான் வாங்கினேன்.