எட்டாம் பாகம் வந்துவிட்டது, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் இப்போதாவது அவர் சொன்னபடி கேட்கிறதா? மற்ற விசாரிப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லியாக வேண்டும், வேறு யாராவது உன் காதில் போடுவதற்கு முன். போன வாரம் ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில், என் மேசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு குதிரைக்காக.

நம் ஒற்றைக்கண் தளபதியின் கிழட்டுக் குதிரைதான். நாம் சின்ன வயதில் படித்த ராஜா கதையின் மூன்றாம் பாகத்தில் ஆற்றங்கரையில் சாகுமே, அது. மேனேஜர் பார்த்துவிட்டு, "என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?" என்றார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே தலையை ஆட்டித் தொலைத்தேன். "வயசானவரா?" "வயசுதான் சார். ஆனா கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருந்தார்." "எப்படி ஆச்சு?" "ஆத்தைத் தாண்டும்போது கால் முறிஞ்சிடுச்சு சார்." மனிதர் கலங்கிப்போய் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அதோடு விட்டாரா? சாயங்காலம் எங்கள் பிரிவையே திரட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது உன் தம்பி பெண்டாட்டி. தொங்கிய முகங்களை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, "யாருங்க செத்தது?" என்றாள். காதோடு சொன்னேன். ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே போய், "இவருக்கு ரொம்ப வேண்டப்பட்டவருங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பழக்கம். நான் நேர்ல பார்த்ததில்லை" என்றாள். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர்கள் போனதும்தான், "குதிரைக்கே இவ்வளவுன்னா, நான் போனா ஆபீசையே இழுத்து மூடிடுவாங்களோ?" என்று கேட்டாள்.

எல்லாம் போன மாதம் நீ அனுப்பிய பார்சலின் வேலை. "சின்ன வீட்டுக்குப் போறோம்டா, இடமில்லை. வச்சிக்கிறதுன்னா வச்சிக்கோ, இல்லேன்னா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடு" என்று போனில் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! பிரித்தால், ஏழு பாகங்களின் முன்பாதிகள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு எந்த வீட்டில் இப்படிப் புத்தகம் உண்டு, சொல். முதல் பாகம் வந்த அன்று யார் முதலில் படிப்பது என்று நாம் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டபோது, அப்பா ரொட்டி நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, புத்தகத்தை நடுமுதுகில் சரக்கென்று பிளந்து, பெரியவளுக்கு முன்பாதி, சின்னவனுக்குப் பின்பாதி என்று கொடுத்துவிட்டுப் போனார். அதுவே சட்டமாகிவிட்டது. யாரென்றே தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதை முதலில் படித்துவிட்டு, பிறகு உன்னிடம் முன்பாதியை வாங்கி அவர்கள் பிறப்பதைப் படிப்பேன். அந்தக் குதிரை எனக்கு அறிமுகமானதே பிணமாகத்தான். நீயோ சாப்பிடும்போது என் முகத்தையே பார்ப்பாய். "டேய், தளபதி போயிடுவானா? வாயைத் திறக்காதே. கண்ணை மட்டும் சிமிட்டு." சிமிட்டாமல் இருக்க நான் பட்ட பாடு! இத்தனை வயதுக்கு மேல் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, முதல் தடவையாக ஒழுங்காக முன்னிருந்து பின்னாகப் படித்தால், குதிரை குட்டியாக இருக்கிறது, அக்கா! தளபதியின் சட்டைப்பையிலிருந்து ஆப்பிள் திருடுகிறது. அழாமல் என்ன செய்ய?

எழுதினவரைச் சொல்ல வேண்டும். ஒரே கோட்டையை இரண்டு பாகம் முழுக்க முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு தீர்ந்ததோ இல்லையோ, எனக்குப் பொறுமை தீர்ந்தது. தாத்தா ராஜா, அதே பெயரில் பேரன் ராஜா, அந்தப் பேரனைப் போலவே வேஷம் போட்ட கள்ள ராஜா. வம்சாவளிப் படத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் அரச வம்சமே மடிப்பில் கிழிந்துவிட்டது. ஏழாம் பாகத்தின் முடிவில் ராஜகுமாரியைத் தீவட்டியோடு பாலத்தின் நடுவில் நிறுத்தி, 'அடுத்த பாகம் விரைவில்' என்று போட்டுவிட்டுப் போன மனிதர்தான். அந்த விரைவிலுக்குள் உனக்குக் கல்யாணமாகி, முன்பாதிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாய்; என் தலைமுடியும் ஏறக்குறைய அப்போதே கிளம்பிவிட்டது; உன் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. ராஜகுமாரி இன்னும் ஒரு காலை எடுத்து வைக்கவில்லை. தீவட்டியும் அணையவில்லை. என்ன எண்ணெய் என்று தெரிந்தால் நாமும் வாங்கலாம்.

ஒரு வரிகூடப் படிக்காத அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "ஏண்டா, அந்தப் பொண்ணு பாலத்தைத் தாண்டிடுச்சா?" நாம் போட்ட சண்டைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டே முழுக்கதையும் தெரிந்துவைத்திருக்கிறார். "தாண்டிடுச்சுப்பா" என்றேன். உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் பாகம் வந்துவிட்டது. 'நிறைவுப் பாகம்' என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. போனில் சொன்னால், "கண்ணும் சரியில்லை, கதையும் மறந்துபோச்சு. நீயே படிச்சுட்டு முடிவை மட்டும் சொல்லு" என்கிறாய். முடிவை மட்டுமா? முடிவு யாருக்கு வேண்டும்? என் முகத்தைப் பார்த்து முடிவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். இங்கே இருக்கிறவள் என் முகத்தைப் பார்த்தால், "பசிக்குதா?" என்கிறாள். கண் சரியில்லை என்றால் நான் வாசிக்கிறேன், நீ திட்டு. ஒரு வாரம் வந்து இரு, அக்கா. புத்தகத்தை உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறேன். அப்பாவின் கத்தியையும் தீட்டியாயிற்று. நீ வந்துதான் வெட்ட வேண்டும். முன்பாதி உனக்கே, அதில் மாற்றமில்லை.

அத்தானுக்கு என் வணக்கமும் அவர் முழங்காலுக்குத் தனி விசாரிப்பும். மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். அவர்கள் குறைந்த பாகங்களில் நிறைந்த வாழ்வு வாழட்டும்.

கண் சிமிட்டாமல் காத்திருக்கும்,
உன் தம்பி

பி.கு.: டிக்கெட்டுக்கு அவசரமில்லை, அக்கா. சௌகரியப்பட்டபோது வா. இதை எழுதி முடித்ததும் பொறுக்காமல் உறையைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன்; அதிலும் ராஜகுமாரி பாலத்தில்தான் நிற்கிறாள். அடியில் 'அடுத்த பாகம் விரைவில்' என்று போட்டிருக்கிறது.