சேர்க்கை எண் 2117 குறித்து ஒரு திருத்தக் கோரிக்கை

ஆறு பள்ளிகள் குழுமச் செய்திமடலின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், ஆறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களும், அவர்கள் ஒருவரையொருவர் பாராட்டி எழுதிக்கொள்ளும் கடிதங்களும் நலமாக இருக்க விரும்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். ‘இருவரும்’ என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். காரணம் கீழே வருகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வரும் இருபதாம் தேதி அச்சுக்குப் போகும் இதழில், “சேர்க்கை எண் 2117 கொண்ட மாணவி எங்கள் ஆறு பள்ளிகளில் எதிலும் இல்லை, பிழைக்கு வருந்துகிறோம்” என்று இரண்டு வரித் திருத்தம் வர வேண்டும். போடுவதாகத் தாங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். பிழைக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைக்கும், திருத்தத்துக்குக் கடைசிப் பக்கத்திலும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே, தாங்கள் மறந்துவிடாதபடி நடந்ததை முழுவதுமாக எழுதி அனுப்புகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் கண்ணுக்குப் பிழை கிடைக்காமல் தவித்துப் போனேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் திருத்தினேன். லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திருத்தினேன். குடியிருப்போர் சங்கத்திலிருந்து என் பெயரை நீக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டுக்காரர், தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் செய்திமடல்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டார். “படிச்சுட்டே இருங்க சார், லிஃப்ட் பக்கம் மட்டும் வராதீங்க” என்றார். படித்தேன். ‘ஆறு பள்ளிகள், ஒரே குடும்பம்’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பாராட்டப்படாதவர் ஒருவர்கூட இல்லாத உலகம் அது. மூன்றாம் பள்ளி ஒரு மரம் நடுகிறது. ஐந்தாம் பள்ளி வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது. இரண்டாம் பள்ளி வரிசையில் நின்று அதைப் பார்வையிடுகிறது. மூன்றுக்கும் தனித்தனியாகப் புகைப்படம். குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டுப் பெயர் போடாமல், வகுப்பும் சேர்க்கை எண்ணும் மட்டும் போடுகிறீர்கள், நல்ல வழக்கம். ஆறு பள்ளிக்கும் சேர்த்து ஒரே வரிசை எண், ஒரு குழந்தைக்கு ஓர் எண். அதனால்தான் என் கண்ணில் பட்டது. ஏழாம் வகுப்பு, 2117, மூன்றாம் பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசு. அடுத்த மாதம் அதே 2117, முதலாம் பள்ளியில் நீளம் தாண்டுதலில் இரண்டாம் பரிசு, சனிக்கிழமை காலை பத்து மணி. அதே சனிக்கிழமை அதே பத்து மணிக்கு ஆறாம் பள்ளியில் நீச்சலில் இரண்டாம் பரிசு. ஆறாம் பள்ளியில் நீச்சல் குளமே கிடையாது என்று மாடி வீட்டுக்காரர் சொல்கிறார். புகைப்படம் மட்டும் இருக்கிறது. ஒன்றில் கோப்பை முகத்தை மறைக்கிறது, ஒன்றில் கைகுலுக்க வந்த தலைமையாசிரியரின் கை மறைக்கிறது, ஒன்றில் குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தலைமுடி மட்டும் ஈரமாக இருக்கிறது.

மரியாதையாகத் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழையைச் சுட்டி, கடைசியில், “யாருடைய குழந்தை இவள்?” என்று கேட்டிருந்தேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது தங்கள் பதில் இல்லை, நான்காம் பள்ளியின் அழைப்பு. “அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் மகள் 2117-இன் முன்னேற்றம் குறித்துப் பேச வருகை தரவும்.” அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் அம்மா ஒருவர் எடுத்தார்.

“சார், அந்த ஃபைல்ல அப்பா பேருக்கான கட்டம் காலியா இருந்துச்சு. ஃபைல்ல இருந்ததே ஒரே ஒரு லெட்டர்தான், உங்களோடது. அவ்வளவு அக்கறையா ‘யாருடைய குழந்தை’ன்னு வேற யார் கேட்டாங்க? போட்டுட்டேன்.”

“இல்லாத பிள்ளைக்கு எப்படிம்மா அப்பா இருக்க முடியும்?”

“இல்லாத பிள்ளையா? ஆறு ஸ்கூல்லயும் நூறு சதவீத வருகை சார். இருக்கிற பிள்ளைங்க ஒண்ணுக்குக்கூட அது கிடையாது.”

இதற்கு மேல் அவரிடம் வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை. போனை வைத்துவிட்டு, அழைப்பைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மேசையில் வைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. என் மனைவி தையல்காரி. துணியையும் வீணாக்க மாட்டாள், பேச்சையும் வீணாக்க மாட்டாள். எடுத்துப் படித்தாள்.

“என்னிக்குப் போகணும்?”

“எங்கே?”

“பொண்ணு ஸ்கூலுக்கு.”

“நமக்கு ஏதுடி பொண்ணு?”

“அது அவங்களுக்குத் தெரியாது இல்ல?”

மறுநாள் பார்த்தால் பள்ளிச் சீருடை ஒன்று ஹேங்கரில் தொங்குகிறது. அளவு எங்கே பிடித்தாய் என்றேன். “போட்டோல அந்தக் கப்பு பன்னிரண்டு அங்குலம். அது நெஞ்சுல எது வரைக்கும் வருதுன்னு பார்த்தா தோள் தெரிஞ்சிடும், தோள் தெரிஞ்சா மத்தது தெரிஞ்சிடும். இத்தனை வருஷமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைச்சீங்க?” என்றாள். எங்கள் முப்பத்து நான்கு வருடத் திருமணத்தில் பேசாமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்று. அதைப் பேசாமலிருப்பதில் இருவருமே நல்ல தேர்ச்சி பெற்றிருந்தோம். அன்றைக்கும் பேசவில்லை. “காலர் கொஞ்சம் பெரிசா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். பிரித்துத் தைத்துவிட்டாள்.

போனோம். தவறைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நான் போனேன். அவள் எதற்குப் போனாள் என்று கேட்கவில்லை. வகுப்பறையில் பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பாசிரியை எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். “வாங்க, வாங்க! உங்களைத்தான் இவ்வளவு நாளா எதிர்பார்த்தோம். சொல்லவே வேண்டாம் சார், அச்சு அசல் உங்க ஜாடை.” எங்கே அவள் என்றேன். “அடடா, இப்பதான் எழுந்து போனா. இரண்டாம் பள்ளியில ஏதோ வினாடி வினாவாம்.” பக்கத்து பெஞ்சில் இருந்த பருத்த மனிதர் ஒருவர் திரும்பி, “ஓ, உங்க பொண்ணுதானா அது? அவளால எங்க பையன் எப்பவும் மூணாவதுதான் வர்றான். ஒரு தடவையாவது லீவு போடச் சொல்லுங்க சார்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பிள்ளை எதற்கு லீவு போட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்தது எங்கிருந்து என்று தெரியாமல் விழுங்கினேன்.

ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்ச் அவளுடையது. என் மனைவி உட்காரும் பலகையில் கை வைத்தாள். “சூடா இருக்குங்க” என்றாள். வெயில் பட்டிருக்கும் என்றேன். வெயில் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் இருந்தது. பெஞ்சுக்குள் ஒரு நோட்டு. எடுத்துப் பிரித்தேன். ஆசிரியரே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புரூஃபில் ஒரு சொல்லை நீக்கச் சுழி போடுவோம். என் சுழி மட்டும் கடைசியில் மேலே ஏறி ஒரு புள்ளியில் முடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மசி ஒழுகும் பேனா ஒன்றில் பழகிய கெட்ட பழக்கம். அச்சகத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வேறு யார் கையிலும் அது வந்ததில்லை. அந்த நோட்டு முழுக்க அந்தச் சுழி. தன் பிழையையும் திருத்தியிருந்தாள், பாடத்தின் பிழையையும் திருத்தியிருந்தாள், ஆசிரியை எழுதிய ‘மிக நன்று’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள். பயந்துதான் போனேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து தங்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதற்குத்தான் தாங்கள் உண்மையை ஒப்புக்கொண்டு பதில் எழுதினீர்கள். ஆறு பள்ளிக்கும் இதழில் சமமாக அரைப் பக்கம் சாதனை வர வேண்டும் என்பது குழுமத் தலைவரின் கட்டளை. அம்மை போட்டு மூன்றாம் பள்ளியை மாதம் முழுக்க மூடிவிட்டார்கள். நாலு வரி குறைந்தது. கடைசிச் சேர்க்கை எண் 2116 என்பதால் 2117 என்று ஒரு மாணவியைத் தாங்களே உண்டாக்கிக் கையெழுத்துப் போட்டியில் பரிசு கொடுத்தீர்கள். “முதல் பரிசு என்றால் யார் என்று விசாரிப்பார்கள். இரண்டாம் பரிசை யாரும் விசாரிப்பதில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அனுபவசாலியின் வாக்கியம், ரசித்தேன். அதற்கு அடுத்த வரியைத்தான் ரசிக்க முடியவில்லை. “நான் எழுதியது அந்த ஒன்று மட்டுமே. அதற்குப் பிறகு வந்த இருபத்திரண்டு செய்திகளும் அந்தந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவை. புகைப்படங்களும்தான். அடுத்துச் சேர்ந்த பிள்ளைக்கு அலுவலகம் 2118 கொடுத்திருக்கிறது. ஏன் என்றால், 2117 ஏற்கெனவே சேர்ந்தாயிற்றே என்கிறார்கள்.”

கூடவே, நான் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று, வரும் இதழின் புரூஃப் பக்கத்தையும் வைத்திருந்தீர்கள். வைத்திருக்க வேண்டாம். ஆறு பள்ளிகளுக்கும் சேர்த்து நடந்த கட்டுரைப் போட்டி, 2117, இந்த முறை முதல் பரிசு. படத்தில் கோப்பை கையில் இல்லை, மேசையில் இருக்கிறது. இன்னும் கால்வாசி திரும்பினால் முகம் தெரிந்துவிடும். கட்டுரையின் தலைப்பு ‘என் வீடு’. மூன்று படிக்கட்டு, சரியாகச் சாத்தாத சமையலறை ஜன்னல், அம்மாவின் மிஷின் சத்தம், மருந்துத் தாளைத் திருத்தும் அப்பா, எல்லாம் எழுதியிருக்கிறாள். பிழை தேடினேன், ஒன்றும் இல்லை. கடைசியில் இப்படி: “எங்கள் வீட்டில் எனக்கென்று வெளிர்மஞ்சள் அறை ஒன்று உண்டு. இப்போது அதில் அப்பாவின் பழைய காகிதக் கட்டுகள் இருக்கின்றன. அவர் எடுத்து வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.”

அந்த அறைக்கு வெளிர்மஞ்சள் அடித்தது முப்பது வருடத்துக்கு முன்னால். அடித்த மாதமே அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு என் மனைவி அந்தக் கதவைத் திறக்கவில்லை. காகிதக் கட்டுகளை உள்ளே வைத்தது நான். சுவர் தெரியக் கூடாது என்பதற்காகவே கூரை வரை அடுக்கினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது தங்களிடம்தான் சொல்கிறேன். கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அவள் அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாலு மணியானால் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நிற்கிறாள். “யாரும் வரப் போறதில்லம்மா” என்றால், “வேன் லேட்டு” என்கிறாள். என்ன சார் இது? விளையாட்டா? வராத ஒருத்திக்காக அவள் ஒரு தடவை காத்திருந்து நான் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள். அச்சில் வந்தால் நம்புவாள். ஆகவேதான் அந்த இரண்டு வரி வேண்டும் என்கிறேன். இருபதாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

தலைவருக்கும் ஆறு தலைமையாசிரியர்களுக்கும் என் வணக்கம். எழுத்தர் அம்மாவுக்கு, இனி எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் என் அன்பு. ஐந்தாம் பள்ளி நீர் ஊற்றும் மரம் நன்றாகக் கிளை விடட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். திருத்தம் வேண்டாம். அந்த இரண்டு வரி இடத்தில் மூன்றாம் பள்ளி இன்னொரு மரம் நடட்டும்.

மேலே உள்ள கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி மேசையில் வைத்துவிட்டு, தபால்தலை எடுக்க உள்ளே போனேன். என் மனைவி கடைசிக் கட்டைத் தூக்க முடியாமல் நின்றிருந்தாள். ஒரு கை கொடுத்தேன். வெளியே வந்தபோது மணி நாலே கால். உறை திறந்திருந்தது. கடிதத்தில் மூன்று இடத்தில் சிவப்பு மசி. என் சிவப்புப் பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது. தாங்களே பார்க்கலாம்: நான் கேட்டிருக்கும் இரண்டு வரித் திருத்தம் முழுவதும் சுழித்து நீக்கப்பட்டிருக்கிறது, சுழி மேலே ஏறிப் புள்ளியில் முடிகிறது. ‘வராத ஒருத்தி’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இதை எழுதும்போதே உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுக்கிறாள். “ஏங்க, ஷூவைக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லுங்க. இப்பதான் கூட்டினேன்.” எங்கள் வீட்டில் யாரும் ஷூ போடுவதில்லை. ஆனால் எனக்குப் பின்னால் யாரோ குனிந்து முடிச்சு அவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மூன்றாவது திருத்தம் முதல் பத்தியில் இருக்கிறது. நான் அடிக்கோடிட்டிருந்த ‘இருவரும்’ சுழிக்கப்பட்டு, மேலே ‘மூவரும்’ என்று எழுதியிருக்கிறது. வரி கோணவில்லை, எழுத்து ஒன்றோடொன்று இடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கையெழுத்துப் பார்த்தவன் சொல்கிறேன் ஆசிரியரே, அந்தக் கையெழுத்துப் போட்டியில் இவளுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தது அநியாயம்.