பந்திங் போனவர்கள்

கிள்ளானில் வெள்ளம் ஏறி, எங்கள் பிளாட்டின் கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் எருமைகள் மாதிரி தண்ணீரில் படுத்துக் கிடந்தனவே, அந்த வருடம்தான் இது நடந்தது. வெள்ளம் வடிந்து, சுவரில் சேற்றுக் கோடு இன்னும் போகாத நேரம். (என் மோட்டாரும் அதில் ஒன்று. இன்றைக்கும் ஸ்டார்ட் செய்தால் முதலில் இருமிவிட்டுத்தான் கிளம்பும். அது வேறு கதை.)

பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் ஒதுங்காதவன் நான். ரவாங்குக்கும் செராஸுக்கும் மணல் லோரி ஓட்டியே தலை நரைத்தது. வேலையை விட்டதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் பிளாட் குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவரானேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. என் செல்வாக்கைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பது பிறகுதான் தெரிந்தது.)

அப்போதுதான் சங்கீதா என்ற பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"அங்கிள், இந்த ஏரியா பிளாட்டுங்கள்ல எவ்வளவு பேருக்கு இனிப்பு நீர் இருக்குன்னு பார்க்கிறோம். எங்க ரொம்பத் தேவையோ அங்க மாசாமாசம் கிளினிக் வேன் வரும். டாக்டரு, மருந்து எல்லாம் கீழயே கிடைக்கும்."

எனக்கு உடனே என் மனைவி லெட்சுமி ஞாபகம் வந்தது. அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. முட்டி வலியோடு பஸ் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். எப்படியாவது அந்த வேனை எங்கள் பிளாட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

"எந்தெந்த வீடுன்னு சீட்டுக் குலுக்கிற மாதிரி கம்ப்யூட்டரே எடுத்துருச்சு. அந்த வீட்டுப் பெரியவங்க எல்லாரும் வேணும் அங்கிள். முடியாதவங்களும்தான். ஞாயித்துக்கிழமை இருக்கச் சொல்லுங்க."

எங்கள் வீடும் அதில் இருந்தது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. தேவையான இடத்துக்குக் கொடுப்பார்களாம்! நான் பார்த்த வாழ்க்கையில் அப்படி யார் கொடுத்தார்கள்? சாயம் அடித்து, சாக்கடையைக் கழுவி வைத்த பிளாட்டுக்குத்தான் பூப்பந்து மைதானம் கிடைத்தது. கேட்டு நின்ற எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதோடு, லோரிக்காரனுக்கு இன்ஸ்பெக்சன் என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். நம் லோரியில் மொட்டை டயர் இருந்தால், அன்றைக்கு மட்டும் கூட்டாளியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போவோம். பாஸ் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். என் காலத்தில் எங்களுக்குள் இது கொடுக்கல் வாங்கல் மாதிரி. யாரும் தப்பாக நினைத்ததில்லை.

ஆகவே பிளாட்டின் மொட்டை டயர்களைக் கழற்றினேன். சீட்டு விழுந்த வீடுகளில் நோயாளிகள் யார் யார் என்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பந்திங் கோயிலுக்கு இலவச வேன் என்று சொன்னேன். பாலா என்ற பழைய கூட்டாளியின் வேன். லெட்சுமி சந்தேகத்தோடு பார்த்தாள்.

"ஓசில கோயிலா? உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"போய்ட்டு வா லெட்சுமி. உனக்கும் சேர்த்துத்தான் பாடுபடுறேன்."

மிச்சம் இருந்தவர்களுக்கு சனிக்கிழமை சாயங்காலமே பாடம் நடத்தினேன். என்ன குடிப்பீர்கள் என்று கேட்டால் தே ஓ கோசோங், சீனியே போடாத தேத்தண்ணி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு சப்பாத்தி. காலையில் நடை.

ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வந்தாள். நான் முன்னால் நடந்து வீடு வீடாகக் காட்டினேன். விரலில் குத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கேள்வி கேட்டாள். முதல் வீட்டில் தே ஓ கோசோங், இரண்டு சப்பாத்தி, நடை. அடுத்த வீட்டிலும் அதே, அதே வரிசையில். மூன்றாவது வீட்டில் முனியாண்டி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைவாசலில் தே தாரிக்கும், அதாவது இனிப்பான பால் தேத்தண்ணியும், கையுமாக நிற்கிற ஆள். ஆனால் கல்லு மாதிரி உடம்பு.

"அண்ணே, தே தாரிக் குடிப்பீங்களா?"

"தே தாரிக்கா? அப்படின்னா என்னாம்மா?"

சங்கீதாவின் பேனா நின்றது. நான் முனியாண்டியை முறைத்தேன்.

"அங்கிள், லிஸ்ட்ல இருக்கிற இந்த வீட்டு ஆன்டி எங்க? போன வீட்டுத் தாத்தாவும் இல்ல. உங்க வீட்டு ஆன்டியையும் காணோம்."

"அவங்கல்லாம் இங்க இல்லம்மா. பந்திங்ல இருக்காங்க."

"எல்லாருமேவா?"

"எல்லாருமே."

"எப்ப வருவாங்க? நான் இன்னொரு நாள் வரேன்."

"அத சொல்ல முடியாதும்மா."

சொல்லி வாயை மூடவில்லை, கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், யாரோ ஒருவருடைய காய்கறி லோரி. அதிலிருந்து ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். ஒருவர் கம்பை ஊன்றி, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, லெட்சுமி நொண்டிக்கொண்டு. பாலாவின் வேன் போன வாரம்தான் இன்ஸ்பெக்சன் பாஸ் ஆனது. (அதற்கு டயர் கடன் வாங்கிக் கொடுத்து, பாஸ் ஆனதும் திருப்பிக் கொடுத்தவனே நான்தான்.) பாதி வழியில் டயர் வெடித்துவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை.

லெட்சுமி சங்கீதாவைப் பார்த்ததும் நேராக வந்தாள்.

"இனிப்பு நீர் பார்க்க வந்தியாம்மா? எனக்கு ரொம்ப வருசமா இருக்கு. இந்தா, கால்ல புண்ணு கூட இருக்கு பாரு. இந்த மனுசன் ஓசில கோயிலுக்கு அனுப்பும்போதே நினைச்சேன்லா!"

பிளாட்டே கூடி நின்று சிரித்தது. நான் டயர் கதையைச் சொல்லி மன்றாடினேன். "நம்ம பிளாட்டு பாஸ் ஆகணும்னுதாம்மா செஞ்சேன்."

சங்கீதா சிரிக்கவில்லை. "அங்கிள், நான் பாஸ் போட வரல. எந்த டயரு மொட்டைன்னு பார்க்கத்தான் வந்தேன்."

"அதான் எல்லாரும் வந்துட்டாங்களே. இப்ப கேளும்மா."

"கேட்டா? யாரு நிஜத்தைச் சொல்றாங்க, யாரு நீங்க சொல்லிக் கொடுத்ததைச் சொல்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இனிமே இந்த பிளாட்டுல எடுக்கிற எந்தக் கணக்கையும் என்னால நம்ப முடியாது அங்கிள்."

திட்டியிருந்தால் தேவலை. லெட்சுமியின் புண்ணைக் குனிந்து பார்த்து, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் பிளாட்டை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிளினிக் வேன் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பிளாட்டுக்குப் போனது. அங்கே சாக்கடை கூடக் கழுவவில்லை.

லெட்சுமி பஸ் ஏறி இறங்கச் சலித்துக்கொண்டு இரண்டு தவணை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடைசியில் கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. விசயம் கேள்விப்பட்டு சங்கீதா பார்க்க வந்தாள். வெளியே வராந்தாவில் வைத்து அவளிடம் கேட்டேன்.

"வேன் நம்ம பிளாட்டுக்கு வந்திருந்தா அந்த விரல் இருந்திருக்குமாம்மா?"

"ஒரு ஆளை மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாது அங்கிள். இருந்திருக்கலாம். அப்பவும் போயிருக்கலாம்."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். அந்தப் பெண் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற ஆள் இல்லை.

லெட்சுமி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற மகன் போன் செய்து, "புதுக் கடை சாப்பாடு அருமைப்பா, எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றால், பின்னாலிருந்து குரல் வரும்: "பந்திங் போனவங்களைக் கேட்டியா?" கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்றாலும் அதேதான். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே அவளுடைய செருப்பைப் பார்ப்பேன். சுண்டுவிரல் பக்கம் மட்டும் தேயாமல் புதிதாகவே இருக்கும்.

இவ்வளவு தூரம் கேட்டுவிட்டீர்கள். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் பிளாட்டுக்கும் யாராவது பேனாவோடு வருவார்கள். அப்போது தலைவர் என்று ஒருவன் முன்னால் நடந்தால், அவனிடம் இதைச் சொல்லுங்கள். முடியாதவர்களை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.