பூநாரையும் கடைசி பஸ்ஸும்

ஊர் சுற்றுகிறவர்களில் பல வகை உண்டு. சாப்பிடுவதற்காகப் போகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டில் செலவில்லாமல் தங்குவதற்காகப் போகிறவர்கள், போய்வந்ததைப் பத்துப் பேரிடம் சொல்வதற்காகவே போகிறவர்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். இன்னொரு வகை இருக்கிறது. திரும்பி வருவதற்காகவே போகிறவர்கள். போய் இறங்கியதும் வேட்டியில் ஒட்டிய புழுதியைக்கூடத் தட்டாமல், எதிரே வருகிற முதல் ஆளை நிறுத்தி, "ஏம்பா, இங்கேருந்து கடைசி பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்கிறாரே, அவர்தான். பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். அவரைக் கடைசி பஸ் ஆசாமி என்று அழைப்போம்.

செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த அஜிததாஸ் இந்த வகையில் கலப்படமில்லாத சரக்கு. பாரதக் கூத்து நடந்தால் முதல் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார். சூதாட்டம் பார்ப்பார், வனவாசம் பார்ப்பார், சண்டை மும்முரமாகி, துரியோதனன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிற நேரத்தில் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அப்புறம் கும்பல்ல மாட்டிக்குவோம்" என்று நடையைக் கட்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை துரியோதனன் இன்னும் சாகவில்லை. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் டிபனை முடித்துக்கொண்டு, கெட்டிமேளம் கேட்கும்போது வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். டூரிங் டாக்கீஸில் எத்தனையோ கதாநாயகிகளைக் கண்ணும் கண்ணீருமாக நிற்கவிட்டு எழுந்து வந்தவர். அந்தப் பெண்களெல்லாம் கரையேறினார்களா என்று ஒருநாளாவது கவலைப்பட்டதுண்டா? பிறந்து வளர்ந்தது ராஜகிரி மலைக்குக் கீழே. கோட்டை உச்சிக்கு ஏறியிருக்கிறாரா என்று கேளுங்கள். "முக்காவாசி ஏறிட்டேன். மேல போனா மட்டும் இன்னா, இதே காத்துதான்" என்பார்.

இத்தனைக்கும் அவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதை நடக்கிறவரை வாழ்நாளில் அதில் அவர் ஏறியதே இல்லை. அதற்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிடுவார்.

உங்களுக்கும் எனக்கும் இது சிரிப்பு. கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு? ஜெயமாலா அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து எதையும் முழுசாகப் பார்த்தவள் அல்ல. கூத்து எப்படி முடிந்தது என்று மறுநாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாளிடம் கேட்பாள். வள்ளியம்மாளோ நல்ல கட்டத்தில் தூங்கிப்போயிருப்பாள். இப்படியே பாதிப் பாதியாகக் காலம் ஓடியது. பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், தங்கை நீலாஞ்சனா வந்து வாயைத் திறக்கும்வரை.

நீலாஞ்சனா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். கார்த்திகைக்கு அக்கா வீட்டுக்கு வந்தவள் கழுவெளியைப் பற்றி அளந்தாள். மரக்காணத்துப் பக்கம் கடல் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் கலந்து உப்புக் கரித்துக் கிடக்கிற பெரிய ஏரி அது. பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

"தூரத்துல நிக்கிறப்ப வெறும் வெள்ளைதான்க்கா. பொழுது சாயறப்ப மொத்தமா எழும்பும் பாரு, றெக்கைய விரிச்சா உள்ள அம்புட்டும் செவப்பு. வானத்துல குங்குமத்தக் கொட்டுனாப்ல இருக்குது" என்றவள், அக்காளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா நீ மாமா கூடத்தானே போவ? உனுக்கு வெள்ளைதான்."

ஜெயமாலாவுக்குச் சுருக்கென்றது. இந்த ஒன்றையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் காணும் பொங்கலுக்குக் கழுவெளி போவதென்று முடிவாயிற்று. எப்படி முடிவாயிற்று என்று கேட்காதீர்கள். அழுகை ஒரு பங்கு, பட்டினி ஒரு பங்கு. முடிவானதும் அவள் வேறொரு வேலை செய்தாள். புருஷன் வழக்கமாக என்னென்ன சாக்குச் சொல்லிக் கிளப்புவார் என்பது அவளுக்கு மனப்பாடம். சமண நைனார் வீடு, பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் கிடையாது. "இருட்டறதுக்குள்ள சாப்புடணும், கெளம்பு" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. ஆகவே விடியற்காலையில் எழுந்து ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்துப் புளிச்சோறு கிளறி டிபன் கேரியரில் அடைத்தாள். வீட்டுச் சாவியை வள்ளியம்மாளிடம் கொடுத்து, விளக்கேற்றி மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள். எல்லா ஓட்டையையும் அடைத்தாயிற்று. பஸ் ஒன்றைத்தான் டிபன் கேரியரில் அடைக்க முடியவில்லை.

புருஷன், பெண்டாட்டி, பெண் மருதேவி மூன்று பேரும் திண்டிவனத்தில் பஸ் மாறி, ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களைத் தாண்டி, ஏரிக்கரை ரோட்டில் இறங்கினார்கள். தோளில் வலையோடு ஒருவன் வந்துகொண்டிருந்தான். அஜிததாஸ் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, கடைசி பஸ் எத்தினி மணிக்கு?"

"பொழுது போவ வரும்."

"போறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"அது வர்றப்ப வரும்யா."

இந்தப் பதில் அவரை என்ன பாடு படுத்தியது தெரியுமா? மணி சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தவித்திருப்பார். கரையில் துண்டை விரித்து, ஏரிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் பார்த்த கழுவெளி அவ்வளவுதான்.

ஜெயமாலா ஏரியைப் பார்த்தாள். வெகுதூரத்தில், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. உற்றுப் பார்த்தால் கோடு கொஞ்சம் அசைந்தது.

"பாத்தாச்சா?" என்றார் அஜிததாஸ், திரும்பாமல்.

"இன்னும் எழும்பலீங்க."

"எழும்புனா இன்னா, அதே நாரைதான். கெளம்பு, இருட்டறதுக்குள்ள சாப்புடணும்."

ஜெயமாலா டிபன் கேரியரைத் திறந்து அவர் முன்னால் இலையைப் போட்டாள். அவர் இலையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். சாப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சாப்பிட்டார்.

"ஊட்டுல வெளக்கேத்தணுமே?"

"வள்ளியம்மா ஏத்துவாங்க."

"மாடு?"

"அதையும் அவங்க பாத்துக்குவாங்க."

ஏப்பம் வந்தது, சாக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டிலும் ரோட்டோரத்திலுமாக நடந்தார். சூரியன் பனைகளுக்கு நேரே இறங்கியதும் பொறுக்க முடியாமல், "நான் போயி பஸ்ஸ நிறுத்தி வெக்கிறேன், கூப்டா ஓடியாரணும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நிமிஷமே தூரத்தில் ஹாரன் கேட்டது. பஸ் வந்து நின்றது. அஜிததாஸ் ஒரு காலை ரோட்டிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிறாற்போல் கத்தினார்: "மாலா! வா! பஸ்ஸு!"

ஜெயமாலா எழுந்துவிட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை, கால் எழுந்துகொண்டது. அத்தனை வருஷப் பழக்கம். வெள்ளைக் கோடு இன்னும் அப்படியே இருந்தது. பஸ் போய்விட்டால் இந்த அத்துவானத்தில் வயசுக்கு வரப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "உனுக்கு வெள்ளைதான்" என்று நீலாஞ்சனா சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தது. மருதேவி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமாம்மா?"

"ஒக்காருடி" என்றாள் ஜெயமாலா. தானும் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் பஸ்ஸின் மூக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர். ஒரு சொட்டுகூட எஞ்சினுக்கு ஆகாது, அவ்வளவும் உப்பு. நல்ல தண்ணீருக்காகக் கண்டக்டர் தகரத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துப் பக்கம் நடந்தார். டிரைவர் பீடி பற்றவைத்தார். உள்ளே இருந்தவர்கள் அலுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிக் கரைக்கு வந்தார்கள்.

அப்போதுதான் எழும்பின. முதலில் வாத்துக் கூட்டம் கத்துவதுபோல ஒரு கலகலப்பு. பிறகு அந்தக் கோடு ஒரு முனையிலிருந்து அவிழ ஆரம்பித்தது. நீண்ட கால்கள் தண்ணீரில் தடதடவென்று ஓடின, கழுத்துகள் நீண்டன, இறக்கைகள் விரிந்தன. உள்ளே அவ்வளவும் சிவப்பு. நீலாஞ்சனா சொன்னது குறைச்சல். வானத்தில் ஒரு சிவப்பு, இறக்கையில் ஒரு சிவப்பு, தண்ணீருக்குள் இரண்டும் இன்னொரு தரம். கூட்டம் ஒரு வட்டமடித்து, கரையில் நின்றவர்கள் தலைக்கு மேலேயே வந்து, கால்களை முன்னால் நீட்டி, கரைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக இறங்கியது. ஜெயமாலாவுக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒன்றைக் கடைசிவரை பார்த்த சந்தோஷம், வேறென்ன?

"நைனாவக் கூட்டியாடி!" என்றாள், கண்ணைத் துடைக்காமலே. பாவம், அவர் மட்டும் என்ன பாவம் செய்தார் என்று இருந்தது அவளுக்கு.

மருதேவி ஓடினாள். பஸ்ஸுக்குள் ஒரே ஒரு ஆள். ரோட்டின் மறுபக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பேருக்குத் துண்டு போட்டு, அதன்மேல் கையையும் ஊன்றிக்கொண்டிருந்தார் அஜிததாஸ்.

"நைனா, பறக்குது! வாங்க நைனா!"

"எவனாவது ஒக்காந்துடுவான்டி. நீங்க பாருங்க, நான் சீட்டப் பாத்துக்கறேன்."

யார் உட்காருவான்? அந்த வட்டாரத்தில் இரண்டு கால் படைத்தவர்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். அவர் மட்டும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நன்றாக இருட்டிய பிறகு பஸ் கிளம்பியது. அஜிததாஸுக்குப் பரம திருப்தி. "நான் மட்டும் சீட் போடலன்னா திண்டிவனம் மட்டும் நின்னுகினே வந்திருப்ப" என்றார். ஜெயமாலாவுக்குக் கோபம் வரவில்லை. அவர்மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவருக்காகப் பறவைகளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளைக் கோடு, சத்தம், தண்ணீரில் ஓடின ஓட்டம் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

"அப்புறம் றெக்கைய விரிச்சுது பாருங்க, உள்ள..."

"இரு, இரு, திண்டிவனம் வருது" என்று எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படிக்குப் போய் நின்றுவிட்டார். திண்டிவனம் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள்: இதைப் படிக்க உட்கார்ந்தவுடன், இன்னும் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? பூநாரைகள் எழும்பிய இடத்தைத் தாண்டித் தாண்டித்தானே இங்கே வந்து சேர்ந்தீர்கள்? போங்கள், அந்த இடத்தை நிதானமாகப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் சீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.